ஒற்றைக் கோடு

அபானோ கணவாயின் பன்னிரண்டாம் வளைவில்
கடைசிக் கோடும் அணைந்தது.
மல்காஸ் கைதட்டினான்.
வண்டி ஓட்டுகிறவன் கைதட்டினால் எனக்கு ஆகாது,
அதுவும் வலப்பக்கம் பாதாளமாய் இருக்கையில்.
"பத்தே நாள்" என்றான்.
"நம்மை விட்டுவிட்டு உலகம் சுற்றட்டும்."

எதெரியின் வீட்டில் எங்களுக்கு மூன்று கட்டில்,
இரும்பு அடுப்பு,
பகலெல்லாம் வெயில் குடித்து
இரவில் ஒரு மணிநேரம் எரியும் பல்பு.
அலமாரியிலிருந்த ரொட்டிப் பானையில்
மூன்று போன்களையும் போட்டு மூடி
மூடிமேல் ஒரு கல்லும் வைத்தான்.
"அடக்கம் முடிந்ததா?" என்றாள் தேக்லே.
அவளுக்குப் பதினான்கு வயது.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தேன்.
இரண்டாம் நாள் தொடை அதிர்ந்தது.
கை ஓடிப்போய்த் தடவி
வெறுந்துணியைக் கண்டு
வெட்கப்பட்டுத் திரும்பியது.
மறுபடி அதிர்ந்தது. மறுபடி ஓடியது.

திபிலிசியில் என் வேலை
நொறுங்கிய கார்களின் படம் பார்த்து
நஷ்டத்துக்கு விலை போடுவது.
நாளைக்கு அறுபது கார்.
கண்ணை மூடினால் இந்தப் புல்வெளியிலும்
வரிசைகட்டி நின்றன,
முகம் கசங்கி, விளக்கு தொங்க.
மல்காஸோ
நிசப்தத்தைப் பற்றி
ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் எதெரியிடம் கேட்டேன்,
கேட்காதவள் போல:
"அவசரம் என்றால் இங்கே என்ன செய்வீர்கள்?"
பால் வடிகட்டும் கையை நிறுத்தாமல்
முகவாயால் காட்டினாள்.
கோபுரத்துக்குப் பின்னால் மேடு.
மேட்டில் ஒரு வெள்ளைக் கல்.
அதன்மேல் ஏறித் தெற்கே திரும்பினால்
ஒற்றைக் கோடு.
"மழை இல்லையென்றால்" என்றாள்.
பிறகு,
"எல்லோரும் கேட்பதுதான்.
பெரும்பாலும் நான்காம் நாள்."

அன்றிரவு கல்லை நகர்த்தினேன்.
மூடியை நகர்த்தினேன்.
பானைக்குள் ஒரே ஒரு போன்.
என்னுடையது.

ஓநாயோடு மல்லுக்கு நிற்கும் நாய்கள்
எந்தப் பட்டியிலோ குரைத்தன.
மூச்சு வாங்க மேடேறினேன்.
கல்லின்மேல் மல்காஸ்,
நுனிக்காலில் நின்று கை உயர்த்தி,
ஆகாயத்திடம் கைமாற்று கேட்பவன் போல.
கீழே குத்தவைத்திருந்த தேக்லே
"வரிசையில் வா, அம்மா" என்றாள்.
அவளுக்குப் பின்னால்
குதிரையின் கழுத்தில் கை போட்டபடி
இமேதா என்ற மேய்ப்பன்.
யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

மல்காஸுக்கு ஒரே ஒரு செய்தி,
தனக்குத் தானே வைத்துக்கொண்ட நினைவூட்டல்:
வியாழன், பல் மருத்துவர்.
தேக்லே தனக்கு வந்ததைக் காட்டவில்லை.
இறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன்,
இருட்டு விடவில்லை.
எனக்கு வங்கியிலிருந்து வாழ்த்து,
காலணிக் கடையின் தள்ளுபடி,
அலுவலகப் பட்டியல்.
என் கார்களுக்கு வேறொருத்தி விலை போட்டிருந்தாள்.
நான் போட்டிருக்கக்கூடிய அதே விலை.
பத்துக் காசு வித்தியாசமில்லை.

தேடப்படவில்லை என்பது
இவ்வளவு சின்னதாய் வந்து
இவ்வளவு நேரம் நிற்கும் என்று
தெரியாது.

இமேதா ஏறினான்.
பள்ளத்தாக்குக்கே கேட்கும்படி மூன்று வாக்கியம்:
லாரி கிளம்பிவிட்டதா.
உப்பு மூட்டையை மறக்காதே.
நொண்டி ஆடு நடக்கிறது.
அணைத்துப் பைக்குள் போட்டான்,
ஆணி அடித்தவன் சுத்தியலை வைப்பது போல.
தலையசைத்துவிட்டுக் குதிரையோடு இறங்கினான்.

இறங்கும் வழியில் என் கணவன் வழுக்கினான்.
நான் பிடித்தேன். தேக்லே சிரித்தாள்.
திரும்பவும் பானை, மூடி, கல்,
இந்த முறை பேச்சில்லாமல்.

காலையில் எதெரி மாவுக் கையோடு வந்தாள்.
பானையைத் திறந்து
மூன்றையும் ஒவ்வொன்றாய் வெளியே எடுத்து
ஜன்னல் கட்டையில், வெள்ளரிக்காய்களோடு வைத்தாள்.
"இது ரொட்டிக்கு" என்றாள்.

வெயில் ஏறும்வரை அங்கேயே கிடந்தன.
தேக்லே வந்தாள்.
போன்களைப் புறங்கையால் ஒதுக்கி
ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டு
உப்பு எங்கே என்று கேட்டாள்.